கணக்குப் போட்ட கைகள்

மூன்றாமாண்டு மாணவி, இளமறிவியல் (கணிதம்)

‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வந்து நிற்பது மேசை மேல் இருக்கும் ஓர் இயந்திரம். ஆனால் ஒரு காலத்தில் அந்தச் சொல் மனிதரைக் குறித்தது. இன்னும் சரியாகச் சொன்னால், பெண்களைக் குறித்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டன் என்னும் ஊரில் உள்ள லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் 1935ஆம் ஆண்டு ஐந்து பெண்களைக் கணக்குப் போடுவதற்கென்றே வேலைக்கு அமர்த்தினார்கள். அவர்களுடைய பதவியின் பெயரே ‘கம்ப்யூட்டர்’தான். காற்றுச் சுரங்கத்தில் விமானத்தின் மாதிரியை நிறுத்தி, காற்றைப் பாய்ச்சி, அழுத்தத்தை அளந்து, அந்த அளவுகளைப் பொறியாளர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெண்கள் அதனைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, கைவிசைக் கணிப்பானின் சடசடப்புக்கு நடுவே, வரிசை வரிசையாக விடை எழுதித் தருவார்கள். அறிக்கை அச்சேறும்போது பொறியாளரின் பெயர் இருக்கும். கணக்குப் போட்ட கையின் பெயர் இருக்காது.

அப்படிப்பட்ட பெண்களைப் பற்றிய திரைப்படம் ஒன்றை இந்த ஆண்டு எங்கள் கணிதத் துறை மன்றத்தின் சார்பில் கருத்தரங்கக் கூடத்தில் திரையிட்டார்கள். படத்தின் பெயர் ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’. தியடோர் மெல்ஃபி இயக்கியது; 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபிகர்’ என்றால் எண் என்றும் பொருள், மனித உருவம் என்றும் பொருள். மறைந்திருந்த எண்கள், மறைக்கப்பட்ட மனிதர்கள் என இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். நம் கல்லூரி வளாகத்தில் அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் வழங்குகிறது என்பதை நண்பர்கள் அறிவார்கள். பேராசிரியை படத்தின் பெயரை அறிவித்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பொலிக்கு அதுவே காரணம். படம் தொடங்கி அரைமணி நேரத்தில் அந்தப் பின்வரிசை அடங்கிவிட்டது.

கதையின் நாயகியர் மூவர்: காதரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன். மூவரும் கறுப்பினப் பெண்கள். மூவரும் கணிதம் படித்தவர்கள். காலம் 1961. சோவியத் ஒன்றியம் யூரி ககாரினை விண்ணுக்கு அனுப்பி உலகை வியக்க வைத்த ஆண்டு. அமெரிக்கா பின்தங்கிவிட்டோமே என்று பதறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்துக்கு நடுவே, அலுவலகத்தில் வெள்ளையர்க்கு ஒரு கழிப்பறை, கறுப்பினத்தார்க்கு ஒரு கழிப்பறை. காதரின் பொதுவான பாத்திரத்திலிருந்து காபி ஊற்றிக்கொள்கிறார். அறையில் உள்ள அத்தனை கண்களும் அவர்மீது. பின்னர் பார்த்தால், அந்தப் பெரிய பாத்திரத்தின் பக்கத்தில் அவருக்கென்று சின்னப் பாத்திரம் ஒன்று, மேலே சீட்டு ஒட்டி. அந்தக் காட்சியில் கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தனிக் குவளை என்றால் என்னவென்று நம்மவர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் அனைவரும் கைதட்டிய இடம் வேறு. காதரினின் அலுவலகக் கட்டடத்தில் அவருக்குக் கழிப்பறை கிடையாது. அரை மைல் ஓட வேண்டும். மழையிலும் ஓட வேண்டும். கணக்குத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருநாள் மேலதிகாரி ஹாரிசன் எல்லார் முன்னிலையிலும் “எங்கே போய்விடுகிறாய்?” என்று கேட்க, அவர் வெடித்துவிடுகிறார். உண்மையைத் தெரிந்துகொண்ட ஹாரிசன் இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு போய், ‘கறுப்பினப் பெண்கள்’ என்று எழுதிய பலகையை அடித்துப் பெயர்க்கிறார். கூடம் அதிர்ந்தது. விசில் கூடக் கேட்டது.

படம் முடிந்ததும் பேராசிரியை எழுந்து, “அந்தப் பலகைக் காட்சி நடக்கவே இல்லை. ஹாரிசன் என்று ஒருவரும் இருந்ததில்லை, பல அதிகாரிகளைச் சேர்த்துச் செய்த கற்பனை அவர்” என்றார். மார்கோ லீ ஷெட்டர்லி எழுதிய மூல நூலின் சொந்தப் படியையும் எனக்கு இரவல் தந்தார். ஷெட்டர்லி ஹாம்ப்டனிலேயே வளர்ந்தவர். அவருடைய தந்தை லாங்லியில் விஞ்ஞானியாகப் பணியாற்றியவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேருந்தில் ஒரு மணி, வீட்டில் இரவு ஒரு மணி என்று மூன்று வாரத்தில் படித்து முடித்தேன். அதன் பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதலாம் என்ற துணிவு வந்தது.

நூலில் கண்ட காதரின் அரை மைல் ஓடவில்லை. தம் கட்டடத்தில் பலகை இல்லாத கழிப்பறை ஒன்று இருந்தது. அதற்குள் போனார், வந்தார், அவ்வளவுதான். கறுப்பினத்தவர்க்கு வேறிடம் என்று தெரியவந்த பின்னும் மாற்றிக்கொள்ளவில்லை. கழிப்பறைக்காக அவமானப்பட்டவர் மேரி. 1953ஆம் ஆண்டு வாக்கில் வளாகத்தின் கிழக்குப் பகுதிக்கு ஒரு வேலையாகச் சென்றவர், அங்கிருந்த வெள்ளைப் பெண்களிடம் வழி கேட்டார். உன்னுடையது எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சிரித்துவிட்டார்கள். கொதித்துப்போய் நடந்துவந்த மேரி, வழியில் கண்ட கசிமிர் சார்னெக்கி என்ற பொறியாளரிடம் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அவர் கேட்டு முடித்துவிட்டு, “என் பிரிவுக்கு வேலைக்கு வாருங்கள்” என்றார்.

பலகையை எடுத்த கதையும் உண்மையில் உண்டு. ஆனால் எடுத்தவர் மேலதிகாரி அல்லர். 1943ஆம் ஆண்டு முதன்முதலாக வேலைக்கு வந்த கறுப்பினப் பெண்களில் மிரியம் மான் என்பவர் ஒருவர். உருவத்தில் சிறியவர். உணவுக்கூடத்தின் பின்புறத்தில் ஒரு மேசை மீது ‘கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்’ என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். மிரியம் ஒருநாள் அதனை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புதிய அட்டை வந்தது. அதுவும் கைப்பைக்குள் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. வேலை போய்விடும் என்று கணவர் அஞ்சினாராம். இப்படியே போர்க்காலம் நெடுகப் போராட்டம் நடந்து, கடைசியில் ஒருநாள் புதிய அட்டை வரவே இல்லை.

சொல்லுங்கள் நண்பர்களே, இவ்விரண்டில் எது நல்ல காட்சி? இரும்புத் தடியா, கைப்பையா?

வரலாற்றுத் துறையில் படிக்கும் என் தோழி இதற்கு ஒப்பவில்லை. “சினிமா என்றால் நாலு பேர் கைதட்ட வேண்டாமா? கைப்பைக்குள் அட்டையைப் போட்டால் யார் விசிலடிப்பார்கள்?” என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஹாரிசனாக நடித்த கெவின் காஸ்ட்னர் புகழ்பெற்ற நடிகர். அவருக்கும் ஒரு காட்சி வேண்டும் அல்லவா? ஆயினும் என் மனம் ஒப்பவில்லை. ஒரு வெள்ளை அதிகாரியின் ஒருநாள் கோபத்தால் ஒழிந்ததாகப் படம் காட்டும் இழிவை, ஒரு கறுப்பினப் பெண் நாள்தோறும் சிறிது சிறிதாக ஒழித்தாள். அவளுடைய பெயரைப் படம் சொல்லவில்லை. மறைக்கப்பட்டவர்களைப் பற்றிய படத்துக்குள்ளேயே ஒருத்தி மறைந்துபோனாள்.

இனி டோரதி வான். எனக்கு மூவரிலும் இவரையே மிகவும் பிடித்தது. 1910இல் பிறந்தவர். வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். ஆண்டுச் சம்பளம் 850 டாலர். 1943ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இந்தக் கணித ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? இராணுவ முகாமின் சலவைக் கூடத்தில் மணிக்கு 40 சென்ட் கூலிக்குப் படைவீரர்களின் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் படிப்புக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். என் அப்பா அதிகம் பேச மாட்டார், “கணக்குப் படித்து என்னம்மா செய்யப் போகிறாய்?” என்ற ஒரு கேள்வியைத்தான் மூன்றாண்டுகளாக வெவ்வேறு வகையில் கேட்டுக்கொண்டிருக்கிறார். சலவைக் கூடத்துச் செய்தியைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்புறம் அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?” என்றார். அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

அந்த அம்மாவுக்கு ஆனது இது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 50,000 விமானங்கள் வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1940இல் கேட்டார். விமானம் பெருகப் பெருகக் கணக்கும் பெருகியது; கணக்குப் போட ஆள் இல்லை. அதே வேளையில் கறுப்பினத் தொழிலாளர் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், பாதுகாப்புத் தொழில்களில் எங்களுக்கும் வேலை கொடுக்காவிட்டால் தலைநகரை நோக்கிப் பேரணி வருவோம் என்று அரசை எச்சரித்தார். பேரணிக்கு நாள் குறித்த பின்னர், 1941 சூன் திங்களில், பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது என்ற ஆணையில் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்டார். கருணையால் திறந்த கதவு அன்று. போரும் போராட்டமும் சேர்ந்து தள்ளித் திறந்த கதவு. 1943 டிசம்பரில் டோரதி அதன் வழியே நுழைந்தார். சம்பளம் ஆண்டுக்கு 2,000 டாலர். வேலை போர் முடியும்வரை மட்டும் என்பது ஏற்பாடு. இருந்ததோ 28 ஆண்டுகள்.

கறுப்பினப் பெண்களை வளாகத்தின் மேற்குப் பகுதியில் தனியே அமர்த்தினார்கள். ‘மேற்குப் பகுதிக் கணிப்புப் பிரிவு’ என்று அதற்குப் பெயர். 1949இல் டோரதி அதன் தலைவியானார். அந்த நிறுவனத்தில் மேற்பார்வைப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. படத்திலோ 1961இல்கூட அவர் அந்தப் பதவிக்காக ஏங்குகிறார். முடிவில் அது கிடைக்கிறது. நாம் மகிழ்ந்து எழுந்து வருகிறோம். உண்மை தலைகீழானது. 1958இல் பழைய நிறுவனம் கலைந்து நாசா உருவானபோது தனிப் பிரிவுகளும் ஒழிக்கப்பட்டன. மேற்குப் பகுதிப் பிரிவு மூடப்பட்டது. இனப் பிரிவினை போனது நல்லதுதான். ஆனால் பிரிவோடு சேர்ந்து அதன் தலைவி பதவியும் போயிற்று. டோரதி புதிய கணிப்பொறிப் பிரிவில் சேர்ந்து, ஃபோர்ட்ரான் மொழியில் வல்லவராகி, மற்றவர்க்கும் கற்றுக்கொடுத்தார். மீண்டும் ஒரு மேற்பார்வைப் பதவிக்கு முயன்றார். 1971இல் ஓய்வுபெறும் வரை அது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இதனை அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். படத்தின் முடிவைச் சொல்லியிருக்கலாம், அவரும் மகிழ்ந்திருப்பார். நான் நடந்ததையே சொன்னேன்.

அந்த மோட்டன் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோரதி அங்கிருந்து போன சில ஆண்டுகளில் பள்ளியில் இடம் போதாமல், தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் வகுப்பு நடத்தினார்கள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி பள்ளி முழுவதையும் வேலைநிறுத்தத்தில் இறக்கினாள். அந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெருவழக்கில் ஒரு பகுதியாயிற்று. தீர்ப்புக்கு அந்த மாவட்டம் பணிந்ததா? இல்லை. கறுப்பினப் பிள்ளைகளோடு வெள்ளைப் பிள்ளைகளை உட்கார வைப்பதைவிட, அரசுப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று 1959இல் முடிவு செய்தது. ஐந்து ஆண்டுகள், 1964வரை, பூட்டிய பூட்டுத் திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடாயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு ஒன்றுமே இல்லை. 1962 பிப்ரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் பூமியை வலம் வந்தாரே, அன்று ஃபார்ம்வில் பள்ளியின் கதவு பூட்டியே கிடந்தது. அவருடைய பாதையைச் சரிபார்த்த கறுப்பினப் பெண் இருந்ததும் அதே வர்ஜீனியாவில்தான். படத்தில் இது இல்லை. இருந்திருந்தால் நான் இன்னொரு முறை பார்த்திருப்பேன்.

காதரினுக்கு வருகிறேன். கணித மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். மற்றவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

விண்கலம் பூமியைச் சுற்றும் பாதை நீள்வட்டம். அதிலிருந்து அதனைக் கீழே இறக்க வேண்டும்; கடலில் குறித்த இடத்தில், மீட்புக் கப்பல் காத்திருக்கும் இடத்தில் விழ வேண்டும். வேகமோ மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர். ஒரு நொடி பிசகினால் ஏழெட்டுக் கிலோமீட்டர் பிசகும். படத்தில் கரும்பலகை முன் அனைவரும் விழித்துக்கொண்டு நிற்க, காதரின் ‘ஆய்லர் முறை’ என்கிறார். என் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி என்னைக் கிள்ளினாள். எண்ணியல் முறைகள் தாளில் நாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் அதே ஆய்லர் முறை! வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு நேரான விடை கிடைக்காதபோது, இருக்கும் இடத்தில் சாய்வைக் கண்டு, அந்தத் திசையில் ஒரு சிறு அடி வைத்து, புதிய இடத்தில் மீண்டும் சாய்வு கண்டு, இன்னோர் அடி. இருட்டில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பின் மேல் நடப்பது போன்றது. அடி சிறியதாக இருந்தால் பிழை சிறியதாகும். ஆனால் கணக்கு நீளும். அந்த நீளத்தைத் தாங்கும் பொறுமைதான் இந்தப் பெண்களின் மூலதனம்.

உண்மையில் காதரினின் பெரும்பணி 1960இல் டெட் ஸ்கோப்பின்ஸ்கியோடு சேர்ந்து எழுதிய அறிக்கை. பூமியின் குறித்த ஓரிடத்துக்கு மேலே கலம் வந்து சேர வேண்டுமானால், ஏவும்போது எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும் என்பதைச் சொல்வது. அவருடைய பிரிவில் ஓர் அறிக்கையில் ஆசிரியராகப் பெண்ணொருவர் பெயர் அச்சானது அதுவே முதல் முறை. முன்னதாக, பொறியாளர்களின் கூட்டத்துக்குத் தானும் வரவேண்டும் என்று கேட்டார். பெண்கள் வருவதில்லை என்றார்கள். “வரக்கூடாதென்று சட்டம் ஏதும் உண்டா?” என்று கேட்டார். இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார், உள்ளே விட்டார்கள்.

கிளென் கதையும் ஓரளவு உண்மை. புதிய கணிப்பொறியின் மேல் விண்வெளி வீரர்களுக்கு முழு நம்பிக்கை இல்லை. “அந்தப் பெண் எண்களைச் சரிபார்க்கட்டும்” என்று கிளென் கேட்டார். படத்தில் ஏவுதளத்தில், ஏறும் நேரத்தில் கேட்கிறார். சில நிமிடங்களில் விடை வருகிறது. உண்மையில் அது முன்கூட்டியே நடந்தது; காதரினுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ‘அந்தப் பெண்’ என்று அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் சிறுமியைக் குறிப்பது. காதரினுக்கு அப்போது 43 வயது, மூன்று மகள்களின் தாய், கிளெனைவிட மூத்தவர். எனினும் உயிரை ஒப்படைக்கும் நேரத்தில் அவர் நம்பியது இயந்திரத்தை அன்று, அந்தப் பெண்ணின் விரல்களை. கிளென் மூன்று முறை வலம் வந்து, 4 மணி 55 நிமிடத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கினார்.

மேரி ஜாக்சனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொறியாளராவதற்கு அவர் சேர வேண்டியிருந்த மாலை வகுப்புகள் வெள்ளையர்க்கான ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்தன. உள்ளே நுழைய நகராட்சியின் சிறப்பு அனுமதி பெற்றார். இத்தனை காலமாகத் தமக்கு மறுக்கப்பட்ட பள்ளி எப்படி இருக்குமோ என்று போனவர் கண்டது பழுதடைந்து பாசம் பிடித்த ஒரு கட்டடம்! 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார். படம் அங்கே முடிகிறது. ஆனால் அதன் பின் 1979இல் அவர் செய்த காரியத்தை யாரும் படமெடுக்கவில்லை. மேலே போக வழியில்லை என்று கண்டதும், தம் பதவியைவிடக் குறைந்த ஒரு பதவியைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்களின் வேலைவாய்ப்பையும் உயர்வையும் கவனிக்கும் பதவி அது. 2021இல் வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் 2005லேயே மறைந்துவிட்டார். காதரின் மட்டும் 101 வயதுவரை, 2020 பிப்ரவரிவரை இருந்து, அதிபர் ஒபாமாவின் கையால் பதக்கமும் பெற்றார். தம் வாழ்க்கை படமாவதையும் கண்டார்.

குறைகள் பல சொல்லிவிட்டேன் என்பதற்காகப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று பொருளன்று. டராஜி ஹென்சன், ஆக்டேவியா ஸ்பென்சர், ஜனெல் மோனே மூவரும் நடித்ததாகவே தெரியவில்லை. நடுச்சாலையில் நின்றுபோன வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு ஸ்பென்சர் பழுது பார்க்கும் தொடக்கக் காட்சி ஒன்றே போதும். படம் இல்லையேல் நூலை நான் தேடியிருக்க மாட்டேன்.

நூலின் இறுதிப் பகுதியில் இன்னொருவர் வருகிறார். படத்தில் அவரும் இல்லை. பெயர் கிறிஸ்டின் டார்டன். 1967இல், கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு லாங்லிக்கு வந்தவரைக் கணக்குப் போடும் பெண்களின் அறையில் உட்கார வைத்தார்கள். அவரைப் போன்றே படித்துவந்த ஆண்களைப் பொறியாளராக அமர்த்தினார்கள். சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தம் அதிகாரிக்கும் மேலிருந்த அதிகாரியின் அறைக்கே சென்று, ஏன் இப்படி என்று கேட்டார். இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லையே என்றார் அவர். டார்டன் பொறியியல் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் வெடியோசையைக் குறைக்கும் ஆய்வில் இறங்கி, 1983இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

நூலின் ஒரு படியை நம் கல்லூரி நூலகத்துக்கு வாங்கித் தரும்படி துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வந்ததும் அந்த இறுதிப் பகுதியிலிருந்து தொடங்கிப் படியுங்கள். முதுகலை விண்ணப்பப் படிவத்தில் அப்பா கையொப்பமிட்ட அன்று, பேராசிரியையின் படியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.